தனியே நிற்கும் குழந்தை
(கோடை முகாம் தன்னார்வலர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கோடை விடுமுறையில் குழந்தைகளோடு தங்கியிருந்து பணியாற்றப் போகிற தன்னார்வலர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முகாமில் ஒரு குழந்தை தனித்து நிற்கிறது என்றால், அதன் கூச்ச சுபாவத்தைக் காரணம் காட்டுவதற்கு முன்னால், நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டில் எங்கே பிழை என்று பார்க்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்று நடத்திய ஒரு முகாமில், தொடக்க நாளன்று 'இங்கே எல்லோரும் நண்பர்கள்' என்று மனதாரப் பேசிவிட்டு, அரை மணி நேரம் கழித்து இரண்டு பிள்ளைகளைத் தலைவர்களாக நிறுத்தி, மாறி மாறிப் பெயர் சொல்லித் தங்கள் அணிக்கு ஆள் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். வரிசை குறையக் குறைய, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். கட்டியதை மறுபடியும் அவிழ்த்தான். கடைசியில் எஞ்சியவன் அவன் மட்டுமே என்பதால் அவன் பெயரை யாரும் சொல்லக்கூட இல்லை. விசிலும் கையுமாக நின்ற எனக்கு அது வெறும் ஷூ கயிறாகத்தான் தெரிந்தது. அன்று மாலை அவனுக்கு வயிற்று வலி. மறுநாளும் சரியாக விளையாட்டு நேரத்தில் வயிற்று வலி. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவனுக்கு யாரும் தீங்கு நினைக்கவில்லை, தேர்ந்தெடுத்த இருவரும் நல்ல பிள்ளைகள்; தீங்கு நான் வகுத்த முறையில் இருந்தது. அதற்குப் பிறகு நான் இருக்கும் எந்த முகாமிலும் குழந்தைகள் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டுக் குலுக்குகிறோம், அல்லது பிறந்த மாதப்படி பிரிக்கிறோம்.

ஏற்பாடு எவ்வளவு தூரம் பிள்ளைகளின் மனத்தை மாற்றும் என்பதற்கு, கோடை முகாமிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், சமூக உளவியலாளர் முஸாஃபர் ஷெரிஃபும் அவருடைய குழுவினரும் 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துத் தங்கவைத்தார்கள். முதல் சில நாள்கள் ஒரு குழுவுக்கு மற்றொன்றைப் பற்றித் தெரியாது. பிறகு இரண்டையும் கயிறு இழுத்தல் போன்ற போட்டிகளில் மோதவிட்டு, வென்றவர்களுக்குப் பரிசு என்றார்கள். சில நாள்களுக்குள் ஒருவர் கொடியை மற்றவர் எரிப்பதும், தங்கும் குடில்களைச் சூறையாடுவதும் நடந்தன. சண்டையைத் தணிக்க எல்லோரையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், படம் பார்க்க வைத்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. குடிநீர் வருவது நின்று எல்லோருமாகச் சேர்ந்து அடைப்பைத் தேட நேர்ந்தபோதுதான் நிலைமை இளகத் தொடங்கியது. பின்னர் கிளம்ப மறுத்த ஒரு லாரியை இரு குழுவினரும் சேர்ந்து இழுத்தார்கள். இழுத்தது, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றால்!

அறியாத சிறுவர்களிடம் வேண்டுமென்றே பகையை மூட்டிப் பார்த்த அந்த முறையை நான் ஏற்கவில்லை. இன்று எந்த ஆய்வு நெறியும் அதை அனுமதிக்காது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1953-இல், அதே ஷெரிஃப் வேறொரு முகாமில் செய்த முயற்சி தோற்றுப்போனது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அங்கே பிள்ளைகளை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, அதன் பிறகே பிரித்தார்கள். பொறுப்பாளர்கள் எவ்வளவு சீண்டிப் பார்த்தும் அந்தச் சிறுவர்கள் ஒருவர்மீது ஒருவர் பாயவில்லை. எனக்கு இந்தத் தோல்விதான் பெரிய பாடமாகத் தெரிகிறது. முதல் இரண்டு நாள்களில் போட்டியே வேண்டாம். கூடாரத்தைச் சேர்ந்து கட்டட்டும், பெயர்ப்பலகையைச் சேர்ந்து எழுதட்டும், ஒருவர் பெயரை இன்னொருவர் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அப்படிப் பழகியவர்கள் மூன்றாம் நாள் போட்டியில் தோற்றாலும், ஜெயித்தவனோடு சேர்ந்தேதான் திரும்பி வருவார்கள்.

அடுத்து, உடலாலோ புலனாலோ வேறுபட்ட தேவையுள்ள பிள்ளைகள். 1989-இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டையும் ஓய்வையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையிடம் மதிப்பெண் அட்டையைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு, 'அவளும் கலந்துகொண்டாள்' என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வது அந்த உரிமைக்கு நியாயம் செய்வதாகாது. ஆட்டத்தின் விதியை மாற்ற வேண்டும். எப்படி மாற்றலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டால் பெரும்பாலும் நம்மைவிட நல்ல யோசனை வரும்.

ஒரு முகாமில், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் சிறுமி ஒருத்தி இருந்தாள். பகலில் கலகலப்பாக இருந்தவள், இரவு நடையின்போது குழுவின் பின்னால் மௌனமாக வந்தாள். இருட்டில் யார் உதடும் அவளுக்குத் தெரியவில்லை. இதைக் கவனித்த இளம் தன்னார்வலர் ஒருவர், பேசும்போதெல்லாம் டார்ச் விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார். யாருக்கும் எதையும் விளக்கவில்லை. சற்று நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் வாயைத் திறக்குமுன் விளக்கைத் தங்கள் முகத்துக்கு உயர்த்தத் தொடங்கினார்கள். வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறதோ அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள் என்று ஒரு வழக்கமே அமைந்துவிட்டது. அந்த இரவில் எல்லாப் பிள்ளைகளுமே வழக்கத்தைவிட நன்றாக ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள்.

பெரியவர்கள் பேசத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதிலும் 100-க்கு 5 முதல் 10 குழந்தைகள் வரை இரவில் படுக்கையை நனைப்பது உண்டு. தங்கும் முகாமில் அந்தக் காலை நேரம்போல் ஒரு பிள்ளையை உடைக்கக்கூடியது வேறில்லை. ஆகவே தினமும் எல்லோருடைய விரிப்பையும் ஒன்றாகச் சேகரித்துத் துவைக்கும் முறையை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். கேலிக்கு இடமே இருக்காது. கேலி நடந்தே விட்டால், கேட்டும் கேட்காததுபோல் போகாதீர்கள். அந்த நொடியில் நிறுத்துங்கள். கேலி செய்த பிள்ளையைச் சபை நடுவே நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்கவும் வேண்டாம். தனியே அழைத்துப் பேசுங்கள். அதற்கும் ஏதோ ஒரு பயம் இருக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை. பிள்ளைகள் உறங்கிய பின் தன்னார்வலர்கள் பத்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள். பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்து, 'இன்று இந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டது?' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான பெயர்களுக்கு உடனே விடை வரும். யாருக்கும் விடை தெரியாத பெயர்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு படுக்கப் போங்கள். விடிந்ததும் உங்கள் முதல் வேலை அந்தப் பிள்ளைகளிடம்தான்.

நன்றி, வணக்கம்.