நடுக்கம் இல்லையென்றால் பார்க்கின்சன் இல்லையா?

“என் அப்பாவுக்கு 66 வயது. சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிடம் பிடிக்கிறது. நடக்கும்போது இடது கை வீச்சில்லாமல் தொங்குகிறது. கை நடுக்கம் இல்லாததால் பார்க்கின்சன் நோயாக இருக்காது, எல்லாம் வயதுதான் என்கிறார்கள் உறவினர்கள். சரிதானா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த இடது கையை அவர் கவனித்திருக்கிறார் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

சரியில்லை, அம்மா. நடுக்கம் இல்லாமலும் இந்நோய் தொடங்கும். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அப்படித்தான். பெயர்தான் நம்மைத் திசைதிருப்பிவிட்டது. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை நடுங்கும் வாதம் என்ற பொருளிலேயே விவரித்தார். நம்மிடமும் நடுக்குவாதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இன்று நரம்பியல் மருத்துவர்கள் முதலில் தேடுவது இயக்க மந்தத்தை. அது கட்டாயம் இருக்க வேண்டும். அதனுடன் ஓய்வு நிலை நடுக்கமோ தசை விறைப்போ, இரண்டில் ஒன்றாவது சேர வேண்டும்.

மந்தம் என்பது மெதுவாகச் செய்வது மட்டுமன்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து வேகமாகத் தட்டச் சொன்னால், முதல் நான்கைந்து தட்டுகள் அகலமாக விழும். பிறகு இடைவெளி சுருங்கிச் சுருங்கி, நடுவில் விரல் தயங்கி நின்றுவிடும். முதுமையில் கை மெதுவாகும், ஆனால் பொதுவாக இப்படித் தேய்ந்துகொண்டே போகாது.

தோள்பட்டை வலி பற்றிய காணொளியில் நான் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் பலருக்கு நினைவிருக்கலாம். தோள் இறுகிவிட்டது என்று ஓராண்டாக உடற்பயிற்சி சிகிச்சை எடுத்துவந்த அவர், கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னேன். முதல் வரி கரும்பலகையில் எழுதியவருக்கே உரிய முத்து முத்தான எழுத்து; ஐந்தாவது வரி எறும்பு ஊர்வது போல இருந்தது. விரல் தட்டுவதில் கண்ட அதே தேய்மானம்தான் எழுத்திலும் தெரிந்தது. அவருக்கும் நடுக்கம் இல்லை. இறுகிப்போன அந்த வலது தோள்தான் தொடக்க அறிகுறி. இந்நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். ஆகவே இடது கை மட்டும் வீசவில்லை என்பதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன்.

நடுக்கம் இருப்பவர்களிடமும் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். மடியில் கை சும்மா கிடக்கும்போது, திருநீற்றை விரல் நுனியில் தேய்ப்பது போல விநாடிக்கு 4 முதல் 6 முறை ஆடி, காபி டம்ளரை எடுக்கப் போகும்போது அடங்கினால் அது பார்க்கின்சனின் நடுக்கம். சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, டம்ளரைத் தூக்கும்போது தளும்பினால் பெரும்பாலும் அது வேறு வகை.

“டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?” என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், வேறு காரணங்களை விலக்கத்தான் அதை எடுக்கிறோம். அதைவிட உங்கள் கைப்பேசி உதவும். அப்பா நாற்காலியிலிருந்து எழுவதையும், கூடத்தில் நடந்து திரும்பி வருவதையும், வாசற்படி அருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நிற்கிறாரா என்பதையும் அவர் இயல்பாக இருக்கும்போது எடுத்து வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டு போங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இதே மந்தத்தையும் விறைப்பையும் உண்டாக்கக்கூடும். மருந்துதான் காரணம் என்றால், அதை மாற்றிய சில வாரங்களிலோ மாதங்களிலோ பலர் தேறிவிடுகிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலை மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாவின் பழைய கையெழுத்து உள்ள காகிதம் ஏதேனும் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள், அம்மா.