விட்டுப்போன ஒரு துடிப்பு

வணக்கம் நேயர்களே. நாடி பிடித்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போவதை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும். இன்றைக்கு மருத்துவர் உங்களைச் சோதித்து, இதயம் நன்றாக இருந்தால், "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார். ஒரு காலத்தில் இதே துடிப்புக்காக மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்கியதில் பெரும் பங்கு ஜேம்ஸ் மெக்கன்சியுடையது.

அவர் 1853-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1879-இல் இங்கிலாந்தின் பர்ன்லி என்ற பருத்தி நெசவு ஊருக்குக் குடும்ப மருத்துவராக வந்தார். தொழிலுக்கு வந்த புதிதில், அவர் கண்ணெதிரே ஓர் இளம் கர்ப்பிணி பிரசவத்தின்போது இதயம் செயலிழந்து இறந்துபோனார். இதை முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? புத்தகங்களைப் புரட்டினார். பதில் இல்லை. அப்புறம்தான் தன்னிடம் வருகிறவர்களின் துடிப்பைத் தானே பதிவுசெய்யத் தொடங்கினார்.

அதன் விளைவுதான் 1902-இல் வெளிவந்த, நாடியைப் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல். மணிக்கட்டு நாடி இதயத்தின் கீழறை செய்வதைச் சொல்லும். கழுத்துச் சிரையில் எழும் அலை மேலறை செய்வதைச் சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தாளில் வரைந்தால், எந்த அறை முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்துவிடும். ஈசிஜி மருத்துவமனைகளுக்கு வராத காலம் அது. முதலில் புகைக்கரி படிந்த தாளில் வரைந்தார்; பின்னர் ஷா என்ற உள்ளூர்க் கடிகாரக்காரரின் உதவியோடு, நீண்ட தாளில் மையால் எழுதும் கருவியை உருவாக்கிக்கொண்டார்.

கருவியைவிடப் பெரிது அவருடைய பொறுமை என்பேன். நானும் ஒரு சிற்றூரில் நீண்ட காலம் குடும்ப மருத்துவம் பார்த்தவன். ஒரே ஆளைப் பல வருடம் பார்க்கிற வாய்ப்பு பெரிய மருத்துவமனைக்குக் கிடைக்காது. மெக்கன்சிக்குக் கிடைத்தது. துடிப்பு விட்டுப்போகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக வேலைக்குப் போய்வருவதைக் கண்டுதான் அது பெரும்பாலும் ஆபத்தில்லை என்று எழுதினார்.

இன்னொரு பெண்மணியை 1880-இலிருந்து கவனித்துவந்தார். மூட்டுகளோடு இதயத்தையும் தாக்குகிற ரூமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருந்தது. 1898-இல் திடீரென்று நாடி தாறுமாறானது. மேலறை சுருங்கும்போது கேட்கிற ஒலி மறைந்தது. கழுத்தில் அதன் அலையும் இல்லை. மேலறை முடங்கிவிட்டது என்று நினைத்தார். பிறகு வேறு விளக்கம் சொன்னார், அதுவும் சரியில்லை. மேலறை முடங்கவில்லை, ஒழுங்கின்றி நடுங்குகிறது என்று 1909-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ஈசிஜி மூலம் காட்டினார். அதைத்தான் இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோம். மெக்கன்சி அதை ஏற்றுக்கொண்டார். 1908-இல் வந்த இதய நோய்கள் பற்றிய அவருடைய பெருநூலின் பிந்தைய பதிப்பில் திருத்தமும் வந்தது. இப்படித் திருத்தப்பட்ட பக்கங்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1921-இல் இதய நோயும் கர்ப்பமும் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். பர்ன்லியில் அந்தப் பெண் இறந்து ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியிருந்தது. எந்த இதயம் பிரசவத்தைத் தாங்கும், எது தாங்காது என்ற அன்றைய கேள்விக்குத்தான் அதில் பதில் தேடினார்.

1923-இல் வெளிவந்தது நெஞ்சுவலி பற்றிய நூல். அதில் பெயர் சொல்லாமல் விவரிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் மெக்கன்சியேதான். அவருக்கே அந்த வலி இருந்தது. 1925 ஜனவரியில் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே இதயத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த விவரம் 1939-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது.