எடிட்டிங்குக்கு மேக்கா, விண்டோஸா? முதலில் கேமராவைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடிட் செய்ய மேக் வாங்குவதா, விண்டோஸ் வாங்குவதா என்று யோசிப்பவர்கள், முதலில் தங்கள் கேமரா தரும் ஃபைலைப் பார்க்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறங்கள். அதில் குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது), பிட் டெப்த் (நிறச் சாயல்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகின்றன) என்று இரண்டு வரிகள் இருக்கும். 4:2:0, 8 பிட் என்றால் கவலை இல்லை. ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் எதுவானாலும் ஓட்டிவிடும்.

4:2:2, 10 பிட், அதுவும் எச்.265 (HEVC) என்ற வீடியோ சுருக்க முறை என்றால் யோசித்து வாங்க வேண்டும். சோனி ஏ7 மார்க் 4 போன்ற கேமராக்களில் இப்படி எடுக்கலாம். கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான ஃபைல்தான். ஆனால் அதை டிகோட் செய்யும், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வசதி சிப்பிலேயே இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். டைம்லைன் திக்கித் திக்கி ஓடும்.

2020-இல் வந்த எம்1 முதலே ஆப்பிள் சிப்களில் இந்த வசதி உண்டு. விண்டோஸ் பக்கம்தான் ஏமாறுகிறார்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 4:2:2-வை டிகோட் செய்யாது. 50 வரிசையில்தான் அது வந்தது. 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஐ5 12400எஃப் போல எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த கிராஃபிக்ஸே கிடையாது. விலையில் கொஞ்சம் மிச்சம் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். தனி கார்டு போட்ட பிறகு பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் பக்கம்) உள் கிராஃபிக்ஸ் அணைந்து போவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, கிளிப்பை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறங்கள். 'வீடியோ டிகோட்' கோடு எழும்பாமல், சிபியு மட்டும் நூறைத் தொட்டால் வசதி இல்லை என்று பொருள். புது மெஷின் வாங்க முடியாதவர்கள் பிராக்ஸி போட்டு, அதாவது கிளிப்புகளுக்கு எளிதில் ஓடும் சிறிய நகல் எடுத்து எடிட் செய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

மேக்கில் ரேம் பின்னால் கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். மூன்று நான்கு கேமரா 4கே என்றால் 32 எடுங்கள். மேக்புக் ஏரில் ஃபேன் இல்லை, நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும். மண்டபத்துக்குத் தூக்கிச் செல்ல மேக்புக் ப்ரோ, ஸ்டூடியோ மேசைக்கு 'எஃப்' இல்லாத இன்டெல் டெஸ்க்டாப் என்பதே என் தேர்வு. டெஸ்க்டாப்பில் ரேமும் எஸ்எஸ்டியும் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே!

100 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 450 ஜிபி. வெளி டிஸ்க் இல்லாமல் முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் புழங்க எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஆனால் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் ஃபைல்கள் கெட்டுப்போகும் ஆபத்து எக்ஸ்ஃபேட்டில் அதிகம். அதனால் இரண்டாவது டிஸ்கில் பிரதி எடுத்து முடிக்கும்வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காதீர்கள்.