யார் முதலில் கீழே வைப்பது?

வணக்கம். 1946இல் அணுகுண்டை உலகத்துக்கே பொதுவான ஒரு அமைப்பின் கையில் கொடுத்துவிடலாம் என்று நிஜமாகவே பேசினார்கள். இன்றைக்கு அந்தக் கதைதான், எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது.

அந்த ஆண்டு ஜனவரி 24, லண்டன். ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய முதல் தீர்மானமே அணுசக்தி ஆணையம் அமைப்பதுதான். மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு அறிக்கை வந்தது, அச்சிசன்–லிலியந்தால் அறிக்கை என்பார்கள், அதன் மூளை பெரும்பாலும் அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமர். அதில் இருந்த யோசனையை யோசித்துப் பாருங்கள். நாடுகள் எல்லாம் குண்டு செய்ய மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர்கள் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சோதனை போட்டால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் மின்சாரத்துக்கான வேலையும் குண்டுக்கான வேலையும் பாதி வழி வரைக்கும் ஒன்றேதான். அதனால் இதற்கெல்லாம் மூலப்பொருளான யுரேனியம், தோரியம் சுரங்கங்களையே சர்வதேச அமைப்பு ஒன்று எடுத்து நடத்தட்டும் என்றார்கள். அப்புறம் வேறு யாராவது மண்ணைத் தோண்டினாலே போதும், என்ன நோக்கம் என்று விசாரிக்கவே வேண்டாம், தோண்டுவதே குற்றம். (தோரியம் என்றதும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஞாபகம் வரும். அப்போது அது திருவிதாங்கூரில் இருந்தது.)

சரி, இதை உலகத்தின் முன் வைக்க அமெரிக்க அதிபர் ட்ரூமன் தேர்ந்தெடுத்தது பெர்னார்ட் பரூக், 75 வயதுப் பணக்காரர். செய்தி கேட்டு, அறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவர் லிலியந்தால் நொந்துபோய் டைரியில் எழுதியிருக்கிறார். ஜூன் 14, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஹண்டர் கல்லூரி, அதன் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் கூட்டம். அங்கே பரூக் எழுந்து, வாழ்வா சாவா என்று தேர்ந்தெடுக்கவே இங்கே வந்திருக்கிறோம் என்று ஆரம்பித்தார். அறிக்கையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: விதி மீறினால் தண்டனை, அதை வீட்டோ (பாதுகாப்புச் சபையில் ஐந்து பெரிய நாடுகளுக்கு மட்டும் இருக்கிற, முடிவைத் தடுக்கும் உரிமை) போட்டுத் தடுக்க முடியாது.

ஐந்து நாள் கழித்து சோவியத் சார்பில் குரோமிகோ பதில் வைத்தார். முதலில் குண்டுக்குத் தடை, ஒப்பந்தம் அமலுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இருக்கிற குண்டுகளை அழித்துவிட வேண்டும், கண்காணிப்பெல்லாம் அப்புறம். அமெரிக்காவோ, முதலில் கண்காணிப்பு வரட்டும், கடைசியில் குண்டைக் கைவிடுகிறோம் என்றது. யார் முதலில் கீழே வைப்பது என்ற இந்த ஒரு இடத்தில்தான் எல்லாம் நின்றுபோனது. குண்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும்போது, நீ உன் கதவைத் திற, நான் பிறகு துப்பாக்கியை வைக்கிறேன் என்றால் எதிராளி எப்படி நம்புவான்? அதே சமயம் ஸ்டாலின் தன் குண்டு வேலையை ஒருநாளும் நிறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு வயிற்றைப் பிசைவது ஜூலை 1தான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, பரூக் பேசி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பசிபிக் கடலில் இருக்கிற பிகினி தீவில் அமெரிக்கா குண்டை வெடித்துச் சோதித்தது. 25ஆம் தேதி இன்னொன்று, அதைத் தண்ணீருக்கு அடியில் வெடித்தார்கள். தீவுக்காரர்களை மார்ச்சிலேயே கப்பலேற்றி வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் 30 அன்று ஆணையத்தில் வாக்கெடுப்பு. 12 நாடுகளில் 10 ஆதரவு, சோவியத்தும் போலந்தும் வாக்களிக்கவில்லை. அதற்கு மேல் பாதுகாப்புச் சபைக்குப் போனால் அங்கே சோவியத்துக்கு வீட்டோ இருக்கிறது, அவ்வளவுதான். 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத்தும் குண்டை வெடித்துவிட்டது.

அந்த மார்ச் அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. சுரங்கம் பற்றி வருகிற பக்கங்களை மட்டுமாவது படியுங்கள், படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று கமென்ட்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.