க்ளே இலை ஒட்டினாலும் கார்டு வளையாது! அரச இலையை அப்படியே அச்செடுக்கலாம்

வணக்கம் நண்பர்களே! ஆசை ஆசையாக வாழ்த்துக் கார்டு செய்து, மேலே க்ளே பூ ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்த்தால் கார்டு வளைந்து நிற்கிறதா? ஈரம் காயாத க்ளேயை ஒட்டியதுதான் காரணம். க்ளேயில் இருக்கும் தண்ணீரை அட்டை உறிஞ்சி உப்பும். க்ளேயோ காயக் காயச் சுருங்கி, அட்டையையும் சேர்த்து இழுக்கும். முதலில் தனியாகக் காயவிடுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். இந்த வீடியோவில் இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

கடையில் பாலிமர் க்ளே கிடைக்கும், ஆனால் அதைச் சுட ஓவன் (oven) வேண்டும். நாம் செய்யப்போவது கோல்ட் போர்சலின் (cold porcelain), அதாவது சுடாமல் தானே காய்ந்து இறுகும் க்ளே. அடுப்பு போதும்.

ஒரு கப் கார்ன்ஃப்ளவர், ஒரு கப் ஃபெவிகால், பெரிய ஸ்பூனால் இரண்டு ஸ்பூன் பேபி ஆயில், இரண்டு ஸ்பூன் வினிகர். வினிகர் எதற்கு? பூஞ்சை பிடிக்காமல் இருக்க. சிறுதீயில் கைவிடாமல் கிண்டுங்கள். அல்வா மாதிரி ஓரம் விட்டுத் திரண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, காற்றுப் புகாமல் ஒரு நாள் மூடி வையுங்கள். அந்தச் சட்டியில் திரும்பச் சமைக்க வேண்டாம், தயவுசெய்து.

(காட்சி: மேசையில் பச்சை அரச இலை)

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சிலிக்கோன் மோல்டு (அச்சு) வாங்க ஓடாதீர்கள். தெருவில் அரச மரம் இருக்கிறதா? காயாத இலை ஒன்று எடுத்து வாருங்கள். திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும். அந்தப் பக்கம் க்ளேயில் பட வேண்டும்.

க்ளேக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஐஸ் குச்சி வைத்து, அதன்மேல் கட்டையை உருட்டுங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் எங்கும் ஒரே சீராக வரும். குச்சிகளை எடுத்துவிட்டு, இலையை வைத்து ஒரே ஒரு உருட்டு. திரும்ப உருட்டினால் இலை நகர்ந்து, நரம்பு இரட்டையாக விழும். இப்போது இலையை மெல்ல உரியுங்கள்... பார்த்தீர்களா? நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை நரம்பு, நடுவில் வலைபோல் ஓடும் பொடி நரம்புகூட விழுந்திருக்கிறது! எந்த மோல்டும் இவ்வளவு நுணுக்கம் தராது என்பதுதான் என் கருத்து.

ஊசியால் ஓரத்தை வெட்டுங்கள். காய்ந்தால் சுருங்கும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுங்கள். நுனி வாலை மட்டும் சற்று அகலமாக விடுங்கள், முதலில் ஒடிவது அதுதான்.

நிழலில், கம்பி வலைமேல், அவ்வப்போது திருப்பிப்போட்டு இரண்டு மூன்று நாள் காயட்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். வெயிலில் வைத்தால் மேற்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருண்டுவிடும்.

காய்ந்ததும் பழுப்பு அக்ரிலிக் பெயிண்டைத் தடவி, உடனே டிஷ்யூவால் துடையுங்கள். மேலே உள்ளது போய், பள்ளத்தில் இருப்பது மட்டும் தங்கும். நரம்பு அத்தனையும் கண்ணுக்குத் துலங்கும். உங்கள் தெருவில் என்ன இலை கிடைக்கிறது, கமெண்ட்டில் சொல்லுங்கள்!

ஒட்டும்போது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கெட்டி அட்டை எடுங்கள், பசையை மெல்லிசாகத் தடவுங்கள். தபாலில் அனுப்புவதென்றால் இலைமேல் பபிள் ஷீட் வைத்து, கெட்டியான கவரில் போடுங்கள். முத்திரை குத்தும் இடத்துக்கு நேர் கீழே இலை வராதபடி கார்டைத் திருப்பி வையுங்கள்.