ஈரக் குப்பையும் இறக்குமதி உலையும்

அனைவருக்கும் வணக்கம்.

டெல்லியின் வடபகுதியில் திமர்பூர் என்று ஓர் இடம். 1980களின் பிற்பகுதியில் அங்கே ஒரு குப்பை எரி உலை கட்டினார்கள். டென்மார்க் தொழில்நுட்பம். தினமும் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்பது கணக்கு. உலை ஓடியது 21 நாள். அப்புறம் படுத்ததுதான், எழவே இல்லை.

உதவாத இயந்திரத்தை நம் தலையில் கட்டிவிட்டார்களா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாதிரி உலைகள் அவர்கள் ஊரில் ஒழுங்காகத்தான் ஓடின. ஒரு கிலோ குப்பையில் சுமார் 1,460 கிலோ கலோரி வெப்பம் இருந்தால்தான் அந்த உலைக்குக் கட்டுபடியாகும். டெல்லியில் வந்த குப்பையில் இருந்தது 600, 700. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே ஏறக்குறைய 540 கிலோ கலோரி வேண்டும். நம் குப்பையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். நம் நகரங்களில் அட்டையும் காகிதமும் பிளாஸ்டிக்கும் நாள் முழுக்கத் தெருவில் கிடப்பதில்லை. விடிவதற்கு முன்பே சாக்குப் பையோடு வருகிறவர்கள் பொறுக்கிக்கொண்டுபோய்க் காயலான் கடையில் போட்டுவிடுகிறார்கள். எரியக்கூடிய பொருளில் பெரும்பகுதி அந்தச் சாக்கில் போய்விடுகிறது. லாரியில் ஏறுவது மிஞ்சிய சோறும், காய்கறித் தோலும், மண்ணும்தான். திட்டம் போட்டவர்கள் அந்தச் சாக்கைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சரி, எரியாத குப்பை எங்கே போகிறது? மேட்டுக்குத்தான். ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டும்போது அடியில் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும் சோறு மீத்தேனாக மாறும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடேற்றுகிற வாயு அது. பருவநிலை மாற்றம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பனிமலையும் புகைபோக்கியும். இந்தப் பட்டியலில் நம் வீட்டுப் பழைய சோறும் இருக்கிறது.

அந்த வாயு சும்மாவும் கிடப்பதில்லை. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டது. மேலே தண்ணீர் அடித்து அணைப்பார்கள், உள்ளே கனன்றுகொண்டிருக்கும், மறுநாள் வேறு இடத்தில் புகை கிளம்பும். அந்தப் புகைக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேச்சு மறுபடி எரி உலைக்கே வருகிறது. கொடுங்கையூரில் உலை வேண்டாம் என்று 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். புதிய உலைகள் பழையதைவிட மேம்பட்டவை என்கிறார்கள், இருக்கலாம். என் கவலை வேறு. உலை என்பது தினமும் தீனி கேட்கும் பிராணி. இத்தனை டன் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால், குப்பையைக் குறைக்கிற ஊர் அந்த ஒப்பந்தத்துக்கு எதிரி ஆகிவிடுகிறது.

கேரளத்தின் ஆலப்புழைக்குப் போவோம். நகரத்துக் குப்பை முழுவதும் பக்கத்தில் சர்வோதயபுரம் என்கிற கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் கிராமத்து மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். கொட்ட இடமில்லை, தெருவெல்லாம் நாற்றம். 2012-இல் நகராட்சி வேறு வழிக்குத் திரும்பியது: அவரவர் ஈரக் குப்பை அவரவர் இடத்திலேயே மக்கட்டும். இடம் இருக்கிற வீட்டுக்குச் சாண எரிவாயுக் கலன் மாதிரி சிறிய கலன், இல்லையென்றால் குழாய் உரம், அதாவது குழாய்க்குள் கழிவைப் போட்டு மக்கவைப்பது. அதற்கும் வழியில்லாதவர்களுக்குத் தெருமுனையில் பொதுத் தொட்டி.

அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நாலடிக்கு நாலடி, நாலடி உயரம். சுவர் அடைத்துக் கட்டியதல்ல, காற்று நுழைய இடைவெளி விட்டது. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு. மறுபடி சாணம், சருகு, கழிவு. காற்று கிடைப்பதால் மீத்தேனுக்கு வேலை இல்லை. நுண்ணுயிர்கள் வேலை செய்கிற வேகத்தில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். குச்சியால் கிளறினால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வரும். சுமார் 90 நாளில் உரம். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. இதுவும் தொழில்நுட்பம்தான், வெப்பநிலையும் ஈரப்பதமும் காற்றோட்டமும் கணக்குப் பார்த்துச் செய்தது. நம் குப்பை ஈரமானது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது, அதனால் ஓடுகிறது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களைக் குறிப்பிட்டபோது ஒசாகாவோடு ஆலப்புழையும் அதில் இருந்தது.

நம் ஊர்களிலும் நுண்ணுயிர் உரக் கூடங்கள் வந்துவிட்டன. சில இடங்களில் நன்றாக நடக்கின்றன, பல இடங்களில் பூட்டு தொங்குகிறது. அப்படி நடக்கிற ஒன்றில் ஒரு காலை முழுக்க நின்று பார்த்தேன். உரம் சலிக்கிற அக்கா சல்லடையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் உறை இல்லை. குனிந்து பார்த்தால், பால் பாக்கெட்டின் வெட்டிய முனைகள். சுண்டுவிரல் நகம் அளவு, நீல நிறம், ஒரு சல்லடைக்கு முப்பது நாற்பது இருக்கும்.

"எங்கயாவது பேசப் போனா இதச் சொல்லுங்க சார்," என்றார். "முனைய முழுசா வெட்டாதீங்க. பாதி வெட்டினாலே பால் வரும். முனை கவரோடயே இருந்தா நாங்க கவரா எடுத்துப் போட்டுடுவோம். தனியா விழுந்துச்சுன்னா உரத்துல கலந்துடுது, வாங்குற விவசாயி திருப்பி அனுப்பிடுறாரு."

சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். அவர் கைக்கு ஓர் உறை வாங்கித் தர எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் தேவையில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது அதைக் கேளுங்கள். நாளைக் காலை பால் வாங்கும்போது கத்தரிக்கோலைப் பாதியில் நிறுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.