மேகத்துக்குள் மூன்று நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது நான் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தை முதலில் சொல்கிறேன். நல்ல வெயில் நாளில், போதிய உயரத்தில் மாணவரைக் கண்ணை மூடிக்கொண்டு நேராக ஓட்டச் சொல்வேன். ஒரு நிமிடம் போகும். "நேராகத்தான் போகிறோமா?" "ஆமாம் சார்." "சரி, கண்ணைத் திறங்க." திறந்தால், ஒரு பக்கத்து இறக்கை தரையை நோக்கிச் சரிந்திருக்கும். மூக்கு தாழ்ந்திருக்கும். வேகமானியின் முள் ஏறிக்கொண்டே இருக்கும். பேச்சே வராமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதில் மாணவர்மேல் பிழை இல்லை. நம் உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அதை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. விமானம் மெல்ல மெல்லச் சாய்ந்தால் அது உறைப்பதே இல்லை. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தாலோ, சிறிது நேரத்தில் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். நேராகப் போவது போலவே இருக்கும். தொடுவானம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை இந்த ஏமாற்று பலிக்காது. மேகத்துக்குள் நுழைந்தால் தொடுவானம் போய்விடுகிறது.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. வேகம் கூடுவதைப் பார்த்த விமானி, மூக்கைத் தூக்க, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுப்பார். இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும், விமானம் சுழன்றபடி இன்னும் வேகமாக இறங்கும். முதலில் இறக்கையை நேராக்க வேண்டும். ஆனால் அவர் உடம்பு "நேராகத்தானே இருக்கிறோம்" என்று சாதிக்கும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். ஒருவர் விடாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள். மிகக் குறைந்த நேரம் 20 விநாடி. சராசரி 178 விநாடி.

1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிளியர் லேக் ஊருக்கு அருகே, படி ஹோலி என்ற பாடகர் ஏறிய பொனான்சா என்ற சிறு விமானம் இலேசான பனிப்பொழிவில் புறப்பட்டுச் சில நிமிடங்களில் விழுந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். விமானிக்கு வயது 21. கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதி அவருக்கு இல்லை. அதோடு, அந்த விமானத்தின் சாய்வு காட்டும் கருவி, மூக்கின் ஏற்ற இறக்கத்தை அவர் பழகிய கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகை. அந்தக் கடைசி நிமிடத்தில் அந்தப் பிள்ளை எதை நம்பியிருப்பான் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 1999 ஜூலையில், ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்தது. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. புகைமூட்டம், இரவு, கீழே கறுத்துக் கிடந்த கடல். வானமும் நீரும் எங்கே சேர்கின்றன என்றே தெரியாத இருட்டு.

இறக்கையில் பனி உறைவதும், ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி அடைத்து எஞ்சின் திணறுவதும் வேறு ஆபத்துகள். அவற்றைத் தனியாகவே பேச வேண்டும்.

நான் அதிகம் பார்த்த ஆபத்து, "இன்னும் கொஞ்ச தூரம்தான், போய்விடலாம்" என்ற பேச்சு. பின்சீட்டில் கல்யாணத்துக்குப் போகிறவர் இருப்பார், காத்திருப்பவர்கள் இருப்பார்கள். நேயர்களே, நீங்கள் பயணியாக உட்கார்ந்திருந்தால், "நாளைக்குப் போகலாம், பரவாயில்லை" என்று விமானியிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். பெரிய பாரம் அவர் தோளிலிருந்து இறங்கும்.

அந்த 20 பேருக்கும் பிறகு ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள்: மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் பதறாமல், கருவியைப் பார்த்து, மெதுவாக அரைவட்டம் திரும்பி வந்த வழியே வெளியேறுவது. சில மணி நேரப் பயிற்சிதான். மறுபடி சோதித்தபோது அநேகமாக எல்லா முறையும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

நன்றி, வணக்கம்.